பழைய எண் 9, புதிய எண் 22

பாஸ்போர்ட்டில் இன்னும் இருக்கிறது:
பழைய எண் 9, புதிய எண் 22,
நான்காவது தெரு, எல்லைக்கல் குப்பம்.
மஸ்கட்டில் பதினெட்டு வருஷம்
எந்தப் படிவம் கொடுத்தாலும்
நிரந்தர முகவரி என்ற கட்டத்தில்
அதைத்தான் எழுதிவந்தேன்.
ஒருவரும் சந்தேகப்படவில்லை.
இப்போது புதுப்பிக்க வேண்டும்.
போலீஸ் வீட்டுக்கு வந்து பார்ப்பார்களாம்.
அதற்கு முன்னால் நான் ஒருதடவை
பார்த்துவிடலாம் என்று.

காலடிப்பேட்டையில் ஷேர் ஆட்டோ ஏறினேன்.
முன்னால் ஒரு கன்டெய்னர் லாரி,
அதற்கு முன்னால் இன்னொன்று,
எண்ணூர் வரைக்கும் வரிசை குலையாமல்.
"எங்க எறங்கணும்?"
சொன்னேன்.
கண்ணாடியில் என்னைப் பார்த்தான்.
"அப்புடி ஸ்டாப்பிங்கே கெடையாதேக்கா."
மடியில் ஐஸ் பெட்டி வைத்திருந்த ஆள்,
"எடைமேடை தாண்டி நிறுத்துப்பா" என்றான்.
நாங்கள் இருந்த காலத்தில் எடைமேடை இல்லை.
ஆனாலும் தலையாட்டினேன்,
அதைத்தான் சொல்ல வாயெடுத்தவள்போல.

மணலிப் பக்கமிருந்து அதே வாடை,
அவிந்த முட்டையும் பெட்ரோலும்.
அதை மட்டும் எதுவும் அரிக்கவில்லை.

இறங்கினால் கல்.
லாரி லாரியாகக் கொட்டிய கருங்கல்,
ஒவ்வொன்றும் ஒரு பீரோ அளவு.
கல்லுக்கு அந்தப் பக்கம் கடல்,
இந்தப் பக்கம் ரோடு.
நடுவில் இருக்கவேண்டிய
முப்பத்தோரு வீட்டைக் காணோம்.

தெரியாமல் வரவில்லை.
அண்ணன் போனில் சொல்லியிருந்தான்.
முதல் வருஷம் தேசப்பன் வீடு,
அப்புறம் வலை வைக்கிற ஷெட்டு,
அப்புறம் எங்கள் கக்கூஸ் சுவர்.
"நம்மளுது நேத்து ராத்திரி" என்றபோது
டூட்டியில் இருந்தேன்,
யாருக்கோ சலைன் மாற்றிக்கொண்டு.
"சரிண்ணா, அப்பறம் பேசறேன்."
அப்புறம் பேசவில்லை.
அதாவது, பேசினோம். இதைப் பேசவில்லை.

கல்லின்மேல் நெத்திலி காயப்போட்டிருந்தவள்
கஜலட்சுமி.
ஆறாவதில் என் ஜாமெட்ரி பாக்ஸைத் திருடிவிட்டு
இல்லவேயில்லை என்று
கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தவள்.
"இன்னாடி பூங்காவனம், இப்புடி வெளுத்துட்ட?"
நேற்றுப் பார்த்துவிட்டு இன்று பார்ப்பதுபோல.
காக்காய் விரட்டும் குச்சியால் கடலைக் காட்டினாள்.
"அதோ, நீலக் கவுறு சுத்தின கல்லு, பாத்தியா?
அதுக்கு ரெண்டு கல்லு தள்ளி உங்க வாசல்."
"எப்படிடி தெரியும்?"
"எனக்குத் தெரியாம?
எங்க வூடு அதுக்கும் அங்க கீது."
கீது என்றாள்.
இருந்துச்சு என்று சொல்லவில்லை.

அந்தக் கல்லில் ஒரு பையன்
ஸ்கூல் பேண்ட்டை முட்டிவரை மடித்து
தூண்டில் போட்டிருந்தான்.
இழுத்தான். கிழங்கான், விரல் நீளம்.
என் கணக்குப்படி அது எங்கள் சமையலறை,
பாமாயில் டின் வைக்கும் மூலை.
"குடுப்பியா தம்பி?"
"இருவது ரூபா."
"இத்தினியூண்டுக்கா?"
"புடிச்ச எடம் ஆழம்க்கா."

கொடுத்தேன்.
கவருக்குள் இரண்டு தடவை துள்ளியது.
அப்போதுதான் உறைத்தது,
எழும்பூர் லாட்ஜில் அடுப்பு கிடையாது.
சொந்த ஊருக்கு வந்து
லாட்ஜில் தங்கியிருக்கிறேன் என்பதை
ஒரு மீன் சொல்லவேண்டியிருந்தது.

கஜலட்சுமி கவரைப் பிடுங்கிக்கொண்டாள்.
அவளுக்குக் கொடுத்தது
ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடி.
ஏறும்போது மூச்சு வாங்கியபடி சொன்னாள்:
"அந்த பாக்ஸு நாந்தாண்டி எடுத்தேன்.
காம்பஸு மட்டும் ரொம்ப நாளு வெச்சினு இருந்தேன்."
"இப்ப எங்க?"
படிக்கட்டு ஜன்னல் வழியாக
கடல் பக்கம் தாடையை நீட்டினாள்.

வறுத்தால் தலையோடு சேர்த்து ஒரு வாய்தான் வரும்.
அதையும் இரண்டாகப் பிய்த்தாள்.
பெரிய பாதியை
அவளே எடுத்துக்கொண்டாள்.